உங்களுக்குத் தெரியுமா? நீலகிரியின் பழம்பெரும் ஆலயங்கள்

ஊட்டி என்றதும் ஏரியும் பூங்காவும் மலை ரயிலும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மலையின் வரலாறு தடம் பதித்திருப்பது அதன் ஆலயங்களில்தான்!

★ நீலகிரி மலைமேல் ஏறியதாகப் பதிவுள்ள முதல் ஐரோப்பியர் ஒரு கத்தோலிக்கக் குரு. இத்தாலியரான இயேசு சபைத் துறவி ஜாக்கோமோ பெனிசியோ 1603இல் மலபார் பக்கமிருந்து காடேறி வந்தார். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் வாழ்வதாக வந்த பேச்சை விசாரிக்க வந்தவர், சந்தித்தது தோடர்களையும் படகர்களையும். கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைக்கு வந்தது அதற்கு 216 ஆண்டுகள் கழித்து, 1819இல்!

★ ஓர் ஆலயம் பேராலயம் ஆவது பரப்பாலோ கோபுர உயரத்தாலோ அல்ல; ஆயரின் இருக்கை அங்கே இருப்பதால்தான். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மைசூர் மறைமாவட்டத்தைப் பிரித்து உதகை மறைமாவட்டத்தை உருவாக்கினார். ஊட்டி திரு இருதய ஆண்டவர் ஆலயம் அதன் பேராலயம்.

★ உதகையின் முதல் ஆயர் அந்தோணி படியறை. 1970 வரை இங்கே பணியாற்றிய அவர், 1988இல் கர்தினாலாக உயர்ந்தார்.

★ 'தென்னகத்தின் கல்வாரி' எனப்படுவது ஊட்டி காந்தல் குருசடி. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு இங்கே இருப்பதாக மக்கள் போற்றி வணங்குகிறார்கள்.

★ இன்று சி.எஸ்.ஐ. திருச்சபையிடம் உள்ள ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மகால் அரண்மனையிலிருந்து வந்தவை. ரயில் ஊட்டியை எட்டியது 1908இல்தான் என்றால், அந்த மரங்களை மலையேற்றிய உழைப்பை எண்ணிப் பாருங்கள்!

★ ஊட்டியை உருவாக்கிய சல்லிவன் இங்கிலாந்தில் அடக்கமானார். அவருடைய மனைவியும் மகளும் உறங்குவது புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டத்தில்.

★ இப்படிப்பட்ட பழைய ஆலயம் பாதுகாக்கப்பட்ட சின்னமானால் வழிபாடு நின்றுவிடுமா? நிற்காது. கோவாவின் சே பேராலயம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. அங்கே திருப்பலி இன்றும் நடக்கிறது. வழிபாட்டுத் தலமான சின்னத்தை அதன் இயல்புக்கு ஒவ்வாத வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1958ஆம் ஆண்டின் நினைவுச் சின்னங்கள் சட்டம்.

★ தேசிய முக்கியத்துவம் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

★ சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய சுவருக்கு சிமென்ட் பூசுவது பகை! சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். சுவர் உப்புப் பூத்து, காரை பெயரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையிலும் நனையும் நீலகிரியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் பங்கிலோ ஊரிலோ பழைய ஆலயத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தால், பூச்சு எதில் என்று முதலில் கேளுங்கள். பழையதை இடிக்காமல் காப்பது போலவே, கெடுக்காமல் பழுதுபார்ப்பதும் நம் கடமை.