எல்லையோர விளைகள் – 11: பத்து சென்டும் ஒரு பேட்டரியும்

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் பெரிய திருத்தம் 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடந்த குடிகிடப்புக்காரர்கள், கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை தங்கள் பெயருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை அந்தத் திருத்தம் தந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்குச் சற்று முன்பு, 1969 டிசம்பர் 14 அன்று ஆலப்புழையில் கூடிய போராட்ட மாநாடு, அதிகாரிகள் வந்து அளந்து தரும்வரை காத்திருக்க வேண்டாம், அவரவர் பத்து சென்டை அவரவரே வேலி கட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று அறைகூவியது. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில் என்று நாம் இந்தத் தொடரில் சுற்றிவரும் ஊர்களில் பத்து சென்ட் என்பது வெறும் பரப்பளவு அல்ல. ஒரு தலைமுறை தலைநிமிர்ந்த அளவு அது.

பத்து சென்ட் என்றால் சுமார் 405 சதுர மீட்டர். ஜெர்மனியில் நகரத் தொழிலாளர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் சிறு தோட்டங்களுக்கென்று 1983-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கலாகாது என்கிறது அது. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் குடும்பங்களுக்கு ஒதுக்கும் தோட்டத்தின் வழக்கமான அளவு சுமார் 253 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறேகால் சென்ட். மூன்று தேசங்களில், வெவ்வேறு காரணங்களுக்காக, ஏறக்குறைய ஒரே தரமான அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். வேறு வேலைக்குப் போய்வரும் ஒரு குடும்பம், மிச்ச நேரத்தில் தன் கையால் பராமரிக்கக்கூடிய நிலம் இவ்வளவுதான்.

தன் கையால் என்பதுதான் இன்று இங்கே சிக்கலாகியிருக்கிறது.

எல்லையோரத்துப் பத்து சென்டில் என்னென்ன நிற்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வீடு போக மிச்சத்தில் நாலைந்து தெங்கு, அதற்கு இடையில் கமுகு, கமுகில் ஏறிய நல்லமிளகு, ஒரு வருக்கைப் பலா, வேலியில் சீமைக்கொன்றை, கீழே ஏத்தன் வாழையும் மரச்சீனியும், நிழலில் சேனையும் சேம்பும். மேலே, நடுவே, மண்ணுக்குள் என்று அடுக்கடுக்காக விளையும் இந்த முறைக்கு ஒரே ஒரு பகை, மழை. இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் வெட்டிய புல் ஒரு மாதத்துக்குள் மறுபடி முழங்கால் தொடும். கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி வேலியைத் தாண்டி உள்ளே வரும். தொட்டாவாடி தரையை மூடும். இரண்டு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் விளை காடு பிடித்துப் போகும். பிறகு அங்கே கால் வைக்கவே பயம்.

ஆள் விட்டு வெட்டலாம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி 2022-23-ல் கேரளத்தில் கிராமப்புற விவசாயக் கூலி நாளொன்றுக்குச் சராசரி 764 ரூபாய். அதே ஆண்டு இந்தியச் சராசரி 346 ரூபாய். உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைப்பது கேரளம் போராடிப் பெற்ற பெருமை, அதில் ஒரு பைசா குறையக் கூடாது. ஆனால் தானே கூலிக்குப் போகும் ஒருத்தி, தன் பத்து சென்டுக்கு ஆண்டில் நாலைந்து முறை ஆள் விட்டால், மரச்சீனி விற்ற காசு அதற்கே போய்விடும். அதனால்தான் நிலம் இருந்தும் தரிசு கிடக்கிறது. சோம்பல் என்று பழிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

பெட்ரோலில் ஓடும் காடு வெட்டும் மெஷின் வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. ரப்பர் தோட்டத்துக்கு அது வரம். ஏக்கர் கணக்கில் நிற்கும் களைச்செடியையும் முள்ளையும் இரும்புத் தகடு சுழற்றிச் சாய்த்துவிடும். பத்து சென்டுக்கு அது அதிகப்படி. பெட்ரோலோடு டூ-டி ஆயில் அளந்து கலக்க வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதுகில் மாட்டும் வகை பத்து கிலோ வரை இருக்கும். சத்தமும் அதிர்வும் அரை மணி நேரத்தில் கையை மரத்துப்போகச் செய்யும். எனவே அதை ஓட்டுவது ஆண்கள், அதுவும் அதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்றாகிவிட்டது. "மெஷின்காரனெ விளிச்சா நாலு நாளு களிஞ்சுதான் வருவான்" என்பது இந்த ஊர்ப் பெண்களின் பொதுப் பேச்சு. கைவேலையாக இருந்தவரை களை எடுத்தவர்கள் பெண்கள். மெஷின் வந்ததும் அந்த வேலை அவர்கள் கையை விட்டுப் போனது.

பேட்டரிக் கருவி அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவந்து அவர்கள் கையில் கொடுக்கிறது. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் அதன் சக்தியை அளந்துகொள்வோம். லித்தியம் அயான் பேட்டரியை வணிகத்துக்குக் கொண்டுவந்தது சோனி, 1991-ல். கைக்கருவிகளுக்கு அது வந்தது 2005 வாக்கில். கருவிக்குள் செருகும் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால், 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். 5 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியில் இப்படி ஐந்தைந்தாக இரண்டு வரிசை. பதினெட்டை ஐந்தால் பெருக்கினால் 90 வாட்-மணி. உடல் வலுவுள்ள ஒருவர் நாள் முழுக்கத் தளராமல் உழைக்கும்போது தரும் ஆற்றல் சுமார் 75 வாட். ஆக, உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு மனிதரின் ஒரு மணி நேரத்துக்கு மேலான உழைப்பு இருக்கிறது. அதை நிரப்பக் கால்வாசி யூனிட் மின்சாரம்கூட வேண்டாம். பத்து முறை சார்ஜ் செய்தால்தான் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும்.

நைலான் நரம்பு சுழலும் புல்வெட்டி, வேலை செய்யும்போது 300 முதல் 500 வாட் வரை இழுக்கும். அப்படியென்றால் ஒரு பேட்டரி பத்து முதல் பதினெட்டு நிமிடம். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் பத்து சென்டில் வீடு, முற்றம், கிணற்றடி கழித்து, தினம் சாயங்காலம் கால் மணி நேரம் ஒரு மூலை என்று வெட்டினால், முதல் மூலை மறுபடி வளர்வதற்குள் சுற்று முடிந்துவிடும். காடு பிடித்த பிறகு வெட்டுவது ஒரு முறை. காடு பிடிக்கவே விடாமல் வைத்திருப்பது இன்னொரு முறை. பேட்டரிக்கு ஏற்றது இரண்டாவது. தண்டு தடித்துப்போன கம்யூனிஸ்ட் பச்சைக்கு நைலான் நரம்பு போதாது. அதை வெட்டுக்கத்தியால் அடியில் வெட்டிவிட்டுத் தளிரைப் புல்வெட்டியிடம் விடலாம்.

கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ 1998-ல் தொடங்கப்பட்டது. அதில் நாலு முதல் பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாகப் பதிந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார்கள். வெளிநாட்டுச் சிறு தோட்டங்களுக்கு நம் நாட்டில் உள்ள மிக நெருங்கிய உறவு இந்தக் குத்தகை விளைகள்தான். அங்கே போலவே இங்கேயும் பெரும்பாலான விளைகளில் மின் இணைப்பு கிடையாது. ஒயர் இழுத்துக்கொண்டு போவதும் நடக்காது. ஈர மண்ணில், வெட்டும் கருவிக்குப் பக்கத்தில், ஒயர் கிடக்கவும் கூடாது.

அப்படியொரு விளையில் மரச்சீனி நடவுக்குக் கம்பு தயாராகும் காட்சியைப் பாருங்கள். அறுவடை முடிந்து நிழலில் சாய்த்து வைத்த கம்புகள். இளம் நுனியைக் கழித்துவிட்டு, ஐந்தாறு கம்புகளைச் சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடத்துகிறார்கள். ஒருத்தி கட்டை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தி முன்னும் பின்னும் ஓடும் பேட்டரி ரம்பத்தை வைக்கிறாள். பாலின் ஈரத்தோடு தூள் உதிர்கிறது. ஒரு சாண் அளவில் துண்டுகள் விழுகின்றன. வெட்டுக்கத்தியால் கொத்தினால் முனை சாய்வாகப் போகும், பட்டை பிளக்கும், அடிக்கிற அதிர்ச்சியில் கணு சிதையும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், நடும் துண்டு 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், அடிமுனை சாய்வாக இல்லாமல் வட்டமாக வழுவழுப்பாக வெட்டப்பட வேண்டும் என்று சொல்கிறது. அப்போதுதான் வெட்டுவாய் முழுதும் சீராகத் திரண்டு வேர் எல்லாப் பக்கமும் இறங்கும். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பிய விசாகம் திருநாள் மகாராஜா ஆண்டது 1880 முதல் 1885 வரை. அன்றிலிருந்து வெட்டுக்கத்தி செய்துவந்த வேலையை இந்த ரம்பம் இன்னும் நன்றாகச் செய்கிறது.

நாலு அங்குலம், ஆறு அங்குலப் பட்டை கொண்ட சிறு சங்கிலி ரம்பம் வேலிக்கு உதவும். மழைக்கு முன்பு சீமைக்கொன்றையைக் கழித்து, தழையை வாழைக்கும் சேனைக்கும் மூடாக்குப் போடுவது பழைய வழக்கம். மிளகு படர்ந்த முருக்கின் கொம்புகளைக் கழித்தால்தான் கொடிக்கு வெளிச்சம் படும். கைக்கு எட்டும் கொம்புக்கு மட்டும்தான் இந்த ரம்பம். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் ஓட்டுவதை நினைக்கவே கூடாது.

முதுகில் மாட்டும் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறது. மிளகு வாட்டத்துக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ துருசும் ஒரு கிலோ சுண்ணாம்பும், மழைக்கு முன் தெளிப்பார்கள். கைப்பிடியை ஓயாமல் அடிக்க வேண்டியதில்லை என்பதால் தோள்வலிக்காரர்களுக்கு இது பெரிய விடுதலை. தெளித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓடவிட வேண்டும். துருசு உலோகத்தைத் தின்றுவிடும், சுண்ணாம்பு மூக்கை அடைத்துவிடும்.

மண்ணைக் கிளறும் வேலைக்கு மட்டும் பேட்டரியை நம்பக் கூடாது. நம் செம்மண்ணும் செங்கல் பாறையும் 18 வோல்ட் கருவியின் துளைப்பானைச் சட்டென்று பிடித்து நிறுத்தும், பிடித்திருப்பவரின் மணிக்கட்டு திருகும். மரச்சீனிக்கு மண் கூட்டவும் வாழைக்குக் குழி எடுக்கவும் மண்வெட்டியே சரி.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க முதல் வழி, வாட்-மணியைக் கேட்பது. களியக்காவிளைச் சந்தையிலும் ஆன்லைனிலும் 48, 88 என்று பெரிய எண் ஒட்டிய பேட்டரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே இருப்பது அதே ஐந்து உருளைதான் என்றால் முழு சார்ஜில்கூட 21 வோல்ட்டுக்கு மேல் வர வழியில்லை. உருளை எத்தனை, ஆம்பியர்-மணி எத்தனை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். இரண்டாவது, ஒரே பேட்டரி புல்வெட்டிக்கும் ரம்பத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குங்கள். செலவில் பெரும் பங்கு பேட்டரிக்குத்தான்.

இனி எச்சரிக்கை. பெட்ரோல் மெஷின் ஓடாதபோது ஓடவில்லை என்று காதுக்குத் தெரியும். பேட்டரிக் கருவி ஓடத் தயாராக இருக்கும்போதும் மௌனமாகவே இருக்கும், விரல் பட்ட கணத்தில் சுழலும். சிக்கிய புல்லை எடுப்பதானாலும் சங்கிலியை இறுக்குவதானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். செம்மண் சரளை குண்டு போலத் தெறிக்கும். கண்ணாடியும் முழு நீளக் கால்சட்டையும் பூட்ஸும் இல்லாமல் இறங்கக் கூடாது. குழந்தைகளும் ஆடு மாடும் 15 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். மழைக்காலத்தில் சேற்றில் நின்று வெட்டுபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

பேட்டரிக்கு எமன் வெப்பம். மீன மாதத்து வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் அதன் ஆயுள் பாதியில் முடியும். சூடாகக் கழற்றியதை ஆறவிட்டு, ஆள் விழித்திருக்கும் நேரத்தில், வீட்டுக்குள் சார்ஜ் செய்யுங்கள். சில மாதம் தொடாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பியதையும் உடைந்ததையும், வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையிடம் கொடுக்கும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிடக் கூடாது. நசுங்கினால் தீப்பற்றும். அதைக் கையால் பிரிக்கப்போவது நம்மைப் போன்ற ஒரு பெண்தான். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. பழையதை எங்கே திரும்பக் கொடுப்பது என்று விற்ற கடையில் கேளுங்கள்.

ஒரு பத்து சென்டுக்கு ஒரு செட் கருவி வாங்கச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரமே தேவைப்படும் கருவி, எட்டு வீட்டுக்குப் பொதுவாக இருக்கலாம். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு இரண்டு புல்வெட்டி, ஒரு ரம்பம், ஒரு ஸ்பிரேயர், நாலைந்து பேட்டரி. பேட்டரி அவரவர் வீட்டில் சார்ஜ் ஆகட்டும், கருவி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். விவசாய இயந்திரங்களுக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் 2014-15 முதல் இருக்கிறது. பட்டியலில் உள்ள கருவிகளுக்குப் பெண்களும் சிறு, குறு விவசாயிகளும் 50 சதவீதம் வரை பெறலாம். 1987 முதல் பஞ்சாயத்துதோறும் கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகம் இருக்கிறது. எந்தக் கருவி பட்டியலில் இருக்கிறது, எது இல்லை என்று அங்கே போய்க் கேளுங்கள். இல்லாததைச் சேர்க்கச் சொல்லி அடுத்த கிராமசபையில் எழுந்து பேசுங்கள். பத்து சென்டை வேலி கட்டி எடுத்த தலைமுறையின் பேத்திகளுக்கு அதைக் காடாக விட மனம் வராது. வழி கிடைத்தால் போதும்.

அடுத்த வாரம்: நெய்யாறு இடதுகரைக் கால்வாயும் விளவங்கோடு வயல்களும்.