சராசரிக்குள் மறையும் பாதைகள்

10 கிராமங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பிள்ளைகள். 8 கிராமத்துப் பிள்ளைகளுக்கு பஸ் தரிப்பிடம் 10 நிமிட நடை. மற்ற 2 கிராமத்துப் பிள்ளைகளுக்கோ ஒரு மணித்தியால நடை. சராசரி பார்த்தால் 20 நிமிடம். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதப்படும். ஆனால் அந்த 10 கிராமங்களிலும் 20 நிமிடம் நடக்கும் பிள்ளை ஒருத்திகூட இல்லை!

பல்லேபொல போன்ற ஒரு பிரதேசத்தில் எந்த வீதியை முதலில் செப்பனிடுவது, எந்த ஊருக்கு பஸ் விடுவது என்று தீர்மானிக்கும்போது இந்தச் சிறு கணக்கை மறக்கக் கூடாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 484,531. அதில் நூற்றுக்கு 80 பேரளவில் சிங்களவர், 9 பேரளவில் சோனகர். இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து 10 பேரளவில். சிறிய தொகையினர் சில ஊர்களில் மட்டும் செறிந்து வாழும்போது, அவர்களுடைய குறை மாவட்டச் சராசரியில் கரைந்துவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வு, நாட்டில் வறியோர் 4.1 சதவீதம் என்றது. அதையே நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்தபோது நகரத்தில் 1.9, கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8 என்று தெரிந்தது. பிரித்துப் பார்த்ததால்தான் தோட்டத்தின் நிலை வெளியே வந்தது.

வீதி விடயத்தில் தோட்டத்து மக்கள் பட்ட பாடு இன்னும் பெரியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. சபைத் தேர்தலில் வாக்களித்தவர்களின் லயத்துப் பாதைக்கு அந்தச் சபையால் கல் போட முடியவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திறந்த கதவால் நிதி உள்ளே போகிறதா என்பதை இனிக் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

முஸ்லிம் கிராமங்களின் நிலை வேறு. அவை "கிராமம்" என்ற பெரிய பிரிவுக்குள் சேர்ந்துவிடுவதால் தனியாகத் தெரிவதில்லை. ஆகவே மாவட்டத்தை விட்டு, கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? பிரிவு வாரியாக, கடந்த 5 ஆண்டுகளில் வீதிக்குச் செலவான பணம். தலைக்கு எவ்வளவு, கிலோமீற்றருக்கு எவ்வளவு. தரிப்பிடத்துக்கு நடக்கும் நேரம். முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் வரும் நேரம். மழை நாளில் வாகனம் போகுமா என்பது. இவற்றைக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது புலப்படும். செலவு விபரங்களை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். நடை நேரத்தை அளக்க ஒரு கைக்கடிகாரமும் கொப்பியும் போதும். யாருடைய பெயரையும் எழுதத் தேவையில்லை.

கடைசி பஸ் பின்னேரம் 4 மணிக்கே போய்விடும் ஊரில், உயர்தர மேலதிக வகுப்பை முதலில் விடுபவள் பெண்பிள்ளைதான். "இருட்டிவிடும் மகள்" என்று உம்மா சொல்வது பயத்தினால். அந்தப் பயத்தையும் நிமிடக் கணக்கில் எழுதிக் காட்டலாம்.

ஒன்றை மட்டும் நேர்மையாக ஏற்க வேண்டும். கணக்கெடுத்த பின், நம்முடைய ஊரைவிட மலையடிவாரத்துச் சிங்களக் கிராமம் ஒன்று அதிகம் கஷ்டப்படுகிறது என்று தெரியவரலாம். அப்படியானால் முதல் முறை அவர்களுடையது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டு. பிறர் நமக்குக் குறைத்து அளக்கக் கூடாது என்பதைப் போலவே, நாமும் நமக்குக் கூட்டி அளக்கக் கூடாது.

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை எத்தனை நிமிடம் என்று அளந்து பாருங்கள். பிறகு அடுத்த ஊர்த் தோழியிடமும் கேளுங்கள்.