பள்ளிக்கூடத்துக் கடிதம் யாருக்கு உதவும்?

“எல்கேஜியிலிருந்து இன்ஜினியரிங் வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷ்தான். எனக்கு எதுக்கு சார் ஐஇஎல்டிஎஸ்?”

ஆஸ்திரேலியா பிஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, முயலும் அடையாறு, தி.நகர்ப் பிள்ளைகளோடு டீ குடிக்க உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியதும்கூட.

அங்கே திறன்சார் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முதன்மை விண்ணப்பதாரரின் படிப்பை இந்த விஷயத்தில் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, அயர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அடிப்படை ஆங்கிலத் தகுதி தானாகவே உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது. ஆங்கில வழியில் படித்ததாக அண்ணா பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்தாலும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

அதற்காக அந்தக் கடிதம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கூட வரும் கணவனோ மனைவியோ காட்ட வேண்டியது இன்னும் எளிய நிலை. தொடக்கப் பள்ளி முழுவதும், அதற்குமேல் குறைந்தது 3 ஆண்டும் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று இருந்தால் போதும். மயிலாப்பூரில் படித்த பள்ளிக்குப் போய் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிவந்தால் வேலை முடிந்தது. இது தெரியாமல் துணைவருக்கும் தேர்வுக் கட்டணம் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. துணைவரும் ஐஇஎல்டிஎஸ் எழுதி நான்கு பகுதியிலும் 6 எடுத்தால் உங்கள் விசாவுக்கான கணக்கில் 5 புள்ளி கூடும். அந்தப் புள்ளி தேவைப்பட்டால் மட்டும் எழுதட்டும்.

இனி உங்கள் கணக்கு. 29 வயது என்றால் 30 புள்ளி, பட்டத்துக்கு 15, அவர்கள் ஏற்கும் 5 ஆண்டு வெளிநாட்டு அனுபவத்துக்கு 10. ஆக 55. குறைந்தபட்சம் வேண்டியது 65. ஐஇஎல்டிஎஸ்ஸில் 6 எடுத்தால் தகுதி மட்டும்தான், புள்ளி இல்லை. 7 எடுத்தால் 10 புள்ளி, 8 எடுத்தால் 20. அழைப்பு பெரும்பாலும் 65-க்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் வருகிறது என்பதால் நம் பிள்ளைகள் 8-ஐத் துரத்துகிறார்கள்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். சராசரியை யாரும் கேட்பதில்லை. கேட்டல் 8.5, வாசிப்பு 9, பேச்சு 8, எழுத்து 6.5 என்றால் நீங்கள் 6-க்காரர்தான். ஆங்கிலத்துக்குப் புள்ளி பூஜ்யம். நம்மவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எழுத்து. 60 நிமிடத்தில் 2 பணிகள். 250 சொல் கட்டுரைக்குத்தான் இரட்டை எடை. மனப்பாடக் கட்டுரையைத் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். தினம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதி, தெரிந்தவரிடம் திருத்தி வாங்குங்கள். பேச்சுக்காக வெள்ளைக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம். நம் சென்னை உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், தெளிவாகப் புரிந்தால் போதும்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதில் பிடிஇ தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. “எல்லாத்துலயும் 79” என்பது பழைய பேச்சு. 2025 ஆகஸ்ட் 7 முதல் எழுதும் தேர்வில் 20 புள்ளிக்கு எழுத்தில் 85, பேச்சில் 88 வேண்டும். கேட்டலில் 69, வாசிப்பில் 70 போதும்.

கனடா பிஆர் என்றால் ஐஇஎல்டிஎஸ்ஸில் ஜெனரல் மட்டுமே செல்லும். அகடமிக் எழுதிவிட்டால் பணம் போனதுதான். இந்த மூன்று நாடுகளில் பிரிட்டன் மட்டும் ஆங்கில வழிப் பட்டத்தை எக்டிஸ் நிறுவனத்தின் உறுதிப்பாட்டோடு ஏற்கிறது.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல்: இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘எஸ்.’ என்று நிற்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து முழுப்பெயராக இருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

மதிப்பெண்ணுக்கு ஆயுளும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு அழைப்பு வரும் நாளிலிருந்து பின்னோக்கி 3 ஆண்டு, கனடாவுக்கு 2 ஆண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன், அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தை ஒருமுறை நீங்களே திறந்து படியுங்கள்.