பழைய ஆற்றுப் படகு வாங்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றிலும் நார்ஃபோக் பிராட்ஸ் நீர்வழிகளிலும் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் சின்னக் கேபின் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீமன், நார்மன், ஷெட்லாண்ட் என்று பெயர் போட்டிருக்கும். நிறைய 1960, 70களில் செய்தவை. உள்ளே இரண்டிலிருந்து நாலு பேர் படுக்கலாம். ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். கிங்ஸ்டன், நியூ மோல்டன் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்குத் தேம்ஸ் பஸ் தூரம்தான். ஆசை வருவது இயல்பு.

பழைய கார் விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கிப் போட்டால் என்ன?

வாங்குவது மலிவு, வைத்திருப்பது மலிவில்லை. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாகிவிடும். முதலில் படகு கட்ட இடம் தேடுங்கள், பிறகு படகைத் தேடுங்கள். வருடச் செலவில் கட்டுமிட வாடகைதான் பல சமயம் பெரிய தொகை.

அடுத்தது அனுமதிக் கட்டணம். டெடிங்டனுக்கு மேலே தேம்ஸைப் பார்த்துக்கொள்வது அரசின் சுற்றுச்சூழல் முகமை. பெரும்பாலான கால்வாய்கள் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வசம். பிராட்ஸுக்குத் தனி நிர்வாகம். எங்கே ஓட்டுவீர்கள் என்று முடிவு செய்தால்தான் யாருக்குப் பணம் கட்டுவது என்பது தெரியும். காப்பீடும் வேண்டும். ஓட்டுநர் உரிமம் மட்டும் கேட்க மாட்டார்கள். சொந்தப் படகை ஆற்றில் ஓட்ட அது தேவையில்லை.

பாதுகாப்புச் சான்று இருக்கிறது என்கிறார் விற்பவர். போதாதா?

போதாது. அந்தச் சான்று நாலு வருடத்துக்கு ஒருமுறை வாங்குவது. தீ, வெடிப்பு, விஷப்புகை போன்ற ஆபத்துகளை மட்டுமே அது பார்க்கிறது. அடிப்பாகம் உறுதியா, இன்ஜின் ஓடுமா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. அதற்கு சர்வேயரை (படகைச் சோதித்து அறிக்கை தருபவர்) அமர்த்தி, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்ட வேண்டும். செலவுதான். படகின் விலையே சொற்பம் என்றால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். நான் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

நானே போய்ப் பார்த்தால் எதைக் கவனிப்பது?

மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். பழைய படகுகளைக் கெடுப்பது ஆற்றுத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான். படகின் ஓடு ஃபைபர்கிளாஸ் (பிசினில் தோய்த்த கண்ணாடி இழை). அது லேசில் மக்காது. ஆனால் மேல்தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பல படகுகளில் மரப்பலகை வைத்திருப்பார்கள். ஒரு திருகாணித் துளை வழியே மழை நீர் இறங்கினால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் இற்றுப்போகும்.

கண்டுபிடிப்பது எளிது. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வரும். இற்ற இடத்தில் 'தொப்' என்று அமுங்கி ஒலிக்கும். ஏறி நடந்தால் காலடியில் லேசாக நெளியும். கையகல இடம் என்றால் சரிசெய்யலாம். பாதித்தளம் அப்படி என்றால், விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பிறகு மெத்தைகளைத் தூக்குங்கள். ஜன்னலுக்குக் கீழே கறுப்புப் பூஞ்சை இருந்தால் ஜன்னல் ரப்பர் போய்விட்டது. தரைப்பலகையைத் தூக்கி பில்ஜை (படகின் அடியில் நீர் சேரும் பள்ளம்) பாருங்கள்; பெட்ரோல் வாடை வந்தால் உஷார்.

அடியில் கொப்புளம் இருந்தால்?

இதை ஆஸ்மோசிஸ் (ஓட்டுக்குள் நீர் ஊறிக் கொப்புளிப்பது) என்பார்கள். குத்தினால் வினிகர் வாடையோடு நீர் கசியும். கேட்கப் பயமாக இருந்தாலும், இதனால் மட்டும் மூழ்கிய படகு அபூர்வம். ஆற்றுப் படகுக்கு இதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்; ஓடிவிட வேண்டியதில்லை.

இன்ஜினை எப்படிச் சோதிப்பது?

நீங்கள் வரும்முன் ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அது குளிரில் கிளம்பாத இன்ஜினாக இருக்கலாம். ஆற்றுநீரை உறிஞ்சிக் குளிரும் இன்ஜின் என்றால், ஓடும்போது வெளியே தண்ணீர் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். துப்பாவிட்டால் இம்பெல்லர் (நீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம்) தேய்ந்திருக்கலாம். அது சின்னச் செலவு, வருடம் ஒருமுறை மாற்ற வேண்டியதும்கூட. ஆனால் அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒன்று. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்களை மாற்றிவிட்டு, எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

எதையெல்லாம் நானே செய்யலாம்?

ஜன்னலைக் கழற்றி பியூட்டில் நாடா (ஒட்டும் தன்மையுள்ள ரப்பர்ப் பட்டை) வைத்துத் திரும்பப் பொருத்தலாம். பெயின்ட், மெத்தை உறை, ஆற்றுநீருக்கேற்ற மெக்னீசியம் ஆனோடு (மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேயும் கட்டி) மாற்றுவது எல்லாம் உங்களால் ஆகும்.

கேஸ் இணைப்பை மட்டும் தொடாதீர்கள். எரிவாயுவும் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவு வழியே போகலாம். படகில் அடிப்பள்ளத்தில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். கேஸ் வேலையைத் தகுதி பெற்றவரிடம் விடுங்கள்.

புகையும் அப்படியே. 2016இல் பிராட்ஸின் ராக்ஸம் ஊரில், கட்டியிருந்த படகின் பெட்ரோல் இன்ஜின் புகை உள்ளே புகுந்து இருவர் இறந்தார்கள். 2019 ஏப்ரல் முதல், உள்ளே தங்க வசதியுள்ள படகுகளுக்கு அந்தப் பாதுகாப்புச் சான்று கிடைக்கக் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். படகு கைக்கு வந்த அன்றே, கடைக்குப் போய் வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும்.

எந்த வரிசையில் வேலை செய்வது?

எல்லோரும் திரைச்சீலையில் ஆரம்பிக்கிறார்கள்! ஒழுகலை அடைக்கும்வரை உள்ளே ஒரு துணிகூட மாட்டாதீர்கள். ஒழுகல், கேஸ், பெட்ரோல் குழாய், இன்ஜின், கடைசியில் அழகு.

எப்போது வாங்குவது? கையெழுத்துப் போடும்முன் என்ன கேட்பது?

இலையுதிர்காலம் நல்லது, குளிர்கால வாடகை கட்ட விரும்பாமல் பலர் விற்பார்கள். காருக்கு இருப்பதுபோல் சிறு படகுக்கு நாடு தழுவிய கட்டாயப் பதிவேடு இல்லை. அதனால் முந்தைய விற்பனைச் சீட்டுகளைக் கேளுங்கள். கட்டுமிட வாடகை பாக்கி இல்லை என்பதைக் கரை உரிமையாளரிடமே விசாரியுங்கள். அக்டோபரில் வாங்கினால், முதல் உறைபனிக்குள் இன்ஜினில் தங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். அது உறைந்து விரிந்தால் இன்ஜின் இரும்பே வெடித்துவிடும், காப்பீடு அதற்குப் பணம் தருமா என்பதையும் முன்பே படித்து வையுங்கள்.