இரு இணைப்புகள் ஒரு வேகமாகுமா?



மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ 32 பெருஞ்சாலையிலே, கடலுக்கும் குளத்து வயல்களுக்கும் இடைப்பட்ட ஊர் இலுப்பைக்கடவை. இத்தகைய ஊர்களில் வீட்டு இணையம் என்பது பெரும்பாலும் கோபுரத்திலிருந்து வானலை வழியே வருவதேயாகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைபேசிக்கு இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகள் மூவர், இணைப்பு ஒன்று என்னும் இக்கட்டு பல இல்லங்களுக்கு நேர்ந்தது. அன்று எழுந்த வினா இன்றும் ஓயவில்லை. இரு நிறுவனங்களின் இணைப்புகளை வாங்கி ஒன்றாக்கினால் வேகம் இரட்டிக்குமா? மீன் விலையையும் நெல் விலையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு இரண்டாவது மாதக் கட்டணம் சிறு செலவன்று. ஆதலின் இதனை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

இணையத்தில் எச்செய்தியும் முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. இலுப்பைக்கடவையிலிருந்து நூறு பக்கங்கள் கொண்ட ஒரு நூலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது பக்கங்கள் பூநகரி வழியாய்ச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து செல்லட்டும். எஞ்சிய ஐம்பதும் வெள்ளாங்குளத்தில் பிரிந்து, மாங்குளம் சென்று, ஆனையிறவு வழியாய்ப் போகட்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் அமர்ந்து, பக்க எண் பார்த்து அடுக்கினாலன்றி நூல் உருவாகாது. ஆறாம் பக்கம் மாங்குளத்தருகே தங்கிவிட்டால், ஏழாம் பக்கம் முன்னரே வந்தும் பயனில்லை. இரு வழிகளின் காலதாமதம் பெரிதும் வேறுபடுமாயின், இரண்டையும் சேர்ப்பது ஒன்றைத் தனியே பயன்படுத்துவதினும் மெதுவாகிவிடுதலும் உண்டு.

அடுக்குபவர் ஒருவர் வேண்டும் என்றோமல்லவா? அங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். கடைகளில் விற்கப்படும் இரு வாயில் ரவுட்டர்களிற் பல அடுக்கும் பணியைச் செய்வதில்லை. பாரத்தைப் பங்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. மூத்த பிள்ளையின் பாடத்தை ஓர் இணைப்பிலும், இளைய பிள்ளையின் பாடத்தை மற்றதிலும் அனுப்பும். மூவர் பயிலும் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆயினும், ஒரே தொடர்பில் இறங்கும் ஒரு பெரிய கோப்பு இதனால் ஒரு நொடியும் விரைவாய் வராது. வழக்கமான ஒரு தொடர்பு தொடங்கிய முகவரியிலேயே முடியவேண்டும் என்பது பொது விதி. வங்கிக் கணக்கைத் திறந்திருக்கையில் முகவரி மாறினால், மறுபடியும் கடவுச்சொல் கேட்பதும் உண்டு.

மெய்யாகவே ஒன்றாக்குவதற்கு, மறுமுனையிலும் ஓர் உடன்பாடு தேவை. இம்முயற்சி புதியதன்று. 64 கிலோபிட் வேகமுள்ள இரு தொலைபேசித் தடங்களை இணைத்து 128 ஆக்கும் விதிமுறை 1994இலே வெளியாகி, 1996இல் திருத்தம் பெற்றது. பின்னர் ஒரே தொடர்பைப் பல வழிகளில் செலுத்தும் நெறி 2013 ஜனவரியில் வகுக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே ஆப்பிள் நிறுவனம் தன் சிரி என்னும் குரற் சேவையில் அதனைக் கைக்கொண்டது. ஆனால் நாம் பார்க்கும் தளங்களிற் பெரும்பாலானவை இந்நெறியை ஏற்பதில்லை. எனவே கொழும்பிலோ சிங்கப்பூரிலோ ஓர் இடைநிலைக் கணினியை வாடகைக்கு அமர்த்தி, அங்கே பொதிகளை அடுக்கி அனுப்பச் செய்தல் வேண்டும். வாடகை ஒருபுறம், சுற்றுவழியின் தாமதம் மறுபுறம். 10 மெகாபிட்டும் 6 மெகாபிட்டும் சேர்ந்தால் 16க்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். இரு பொதிகளின் தரவும் ஒருங்கே கரையும் என்பதையும் மறத்தலாகாது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. நாம் கூறிய இரு சாலைகளும் வெள்ளாங்குளம் வரை ஒரே சாலையல்லவா? அங்கு நெரிசல் என்றால் இரு வண்டிகளும் நிற்கும். அதுபோல, ஒரே நிறுவனத்தின் இரு சிம் அட்டைகள் ஒரே கோபுரத்தையே நாடுமாயின், இரண்டாவது கட்டணம் வீணே. வெவ்வேறு நிறுவனங்களாயினும், ஒரே கோபுரத்தில் கருவிகளை ஏற்றியிருத்தல் உண்டு. மின்சாரம் போனால் இரண்டும் அணையக்கூடும். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க், செயற்கைக்கோள்கள் வழியே இயங்குவதால் ஊர்க் கோபுரத்தைச் சாராது. அதன் விலைதான் தடை.

ஆகவே பணம் கட்டுமுன், அயல்வீட்டாரின் சிம் அட்டையை ஒரு மாலைப்பொழுது இரவல் வாங்குங்கள். இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள், ஒவ்வோர் இணைப்பின் வேகத்தையும் தனித்தனியே அளந்து குறியுங்கள். பின்னர் இரண்டையும் ஒரே வேளையில் இயக்கி அளவுங்கள். முன்னைய எண்கள் குறையாது நின்றால் வழிகள் வேறு. இரண்டும் ஏறத்தாழப் பாதியாகிவிட்டால், எங்கோ ஓரிடத்தில் அவை ஒரே ஒடுங்கிய பாதையைப் பகிர்கின்றன. அந்நிலையில் எந்த ரவுட்டரும் உதவாது. ஒரு நாள் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யாது, மூன்று நான்கு மாலைகள் இவ்வாறு பாருங்கள்.