மாற்றுவழி போட்டால் கல்லீரல் என்ன ஆகும்?

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் நடந்திருக்கிறீர்களா? பெரிய சாலையில் கால்வைக்க இடமில்லாதபோது கூட்டம் டன்லப் ஸ்திரீட், கேம்பல் லேன் பக்கம் புகுந்துவிடும். அவ்வளவு பேரை அந்தச் சிறு தெருக்கள் தாங்காது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் எனக்கு, ‘போர்ட்டல் உயர் அழுத்தம்’ என்ற பாடம் இந்தக் கூட்டத்தை நினைத்தபோதுதான் பிடிபட்டது.

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை கொண்டுவருவது அதில் முக்கால் பங்கு. மீதி கல்லீரல் தமனி வழியாக வருகிறது. கல்லீரல் அழற்சி பி கிருமியாலோ மதுவாலோ கல்லீரல் தழும்பேறி இறுகினால், சிரை ரத்தம் உள்ளே நுழையத் திணறும். (சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் கிருமிக்கான தடுப்பூசித் திட்டம் உண்டு.) அழுத்தம் கூடி, ரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களுக்குத் திரும்பும். அவை புடைத்து வெடித்தால் நோயாளி ரத்த வாந்தி எடுப்பார். உயிரே போகலாம்.

அப்படியானால் ரத்தத்துக்கு மாற்றுவழி போட்டால் என்ன? 1877ல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் எக், நாய்களின் போர்ட்டல் சிரையை இதயத்துக்குச் செல்லும் பெருஞ்சிரையுடன் நேரே இணைத்தார். எட்டில் ஒன்றுதான் இரண்டரை மாதம் தாக்குப்பிடித்தது. அதுவும் ஆய்வுக்கூடத்தை விட்டு ஓடிவிட்டது! 1893ல் பாவ்லோவும் (ஆம், எச்சில் ஊறும் நாய்களுக்குப் பெயர்போன அதே பாவ்லோவ்தான்) சகாக்களும் இதே அறுவை சிகிச்சை செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தார்கள். அவை தள்ளாடின, மயங்கின. குடலில் உருவாகும் அம்மோனியா போன்ற நச்சுகள் கல்லீரலில் சுத்திகரிக்கப்படாமலே மூளையை எட்டின. மனிதர்களிடமும் அதே சிக்கல் தெரிந்தது. ரத்தக்கசிவு நிற்கும், ஆனால் சிலருக்கு மூளை குழம்பும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கல்லீரலுக்குள் அடினோசின் என்ற பொருள் உருவாகிக்கொண்டே இருக்கும். போர்ட்டல் ரத்தம் அதை அடித்துச் செல்லும். அந்த ஓட்டம் குறைந்தால் அடினோசின் தேங்கி, தமனியை விரியச் செய்யும். மூளையின் கட்டளை எதுவும் தேவையில்லை. கனடாவின் வெய்ன் லாட் இதை 1980களில் விளக்கினார். ஆனால் இழந்த ரத்தம் முழுவதையும் தமனியால் ஈடுகட்ட முடியாது.

அதனால் 1967ல் அமெரிக்காவின் டீன் வாரன் குழு, மண்ணீரல் பக்கத்து ரத்தத்தை மட்டும் சிறுநீரகச் சிரைக்குத் திருப்பிவிட்டது. குடல் ரத்தம் வழக்கம்போல் கல்லீரலுக்கே போகும். நல்ல யோசனைதான். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, பலருக்குக் கணையத்தைச் சுற்றிப் புது நாளங்கள் வளர்ந்து, குடல் ரத்தமும் அழுத்தம் குறைந்த பக்கமே நழுவியது. இன்று பெரும்பாலும் கழுத்துச் சிரை வழியாகச் சென்று, கல்லீரலுக்குள்ளேயே உலோகக் குழாய் பொருத்துகிறார்கள். அதிலும் மூளைக் குழப்பத்தைக் கவனித்தாக வேண்டும்.

கல்லீரலே பழுதானால் மாற்று அறுவை சிகிச்சை. சிங்கப்பூரில் முதலாவது 1990ல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்தது. உயிருடன் இருப்பவர் தானமளிக்கும் கல்லீரல் பகுதி சிறியதாக இருந்தால் பிரச்சினை தலைகீழாகிறது. முழுக் கல்லீரலுக்கான சிரை ரத்தம் அந்தச் சிறு துண்டுக்குள் பாய, அடினோசின் அடித்துச் செல்லப்பட்டுத் தமனி சுருங்கிவிடும். அப்போது மருத்துவர்கள் மண்ணீரலுக்குச் செல்லும் தமனியைக் கட்டி, போர்ட்டல் சிரைக்குள் வரும் ரத்தத்தைக் குறைப்பதும் உண்டு.