பன்றிக்குக் கட்டிய சுருக்கும் நாட்டின் சட்டமும்

“பன்றி வந்து என்ர மரவள்ளியைக் கிண்டினால் அதுக்கு மறியல் இல்லை. நான் பன்றிக்கு ஒரு சுருக்குக் கட்டினால் எனக்கு மறியலோ, சுவாமி?”

மீளக்குடியமர்ந்த கிராமமொன்றில் நாம் நடத்திய கூட்டத்தில் ஒரு குடும்பத் தலைவர் இப்படிக் கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. பல ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வளவிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அவர் இல்லாத காலத்தில் வயல் பற்றையாகி, பற்றை காடாகி, பன்றியும் யானையும் அங்கே குடியேறிவிட்டன. கடன்பட்டு விதைத்ததை ஓர் இரவில் இழந்தவரின் கேள்வி அது. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், வேட்டைச் சட்டம் எதைத் தடுக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இச்சட்டம் எக்காலத்திலும் இப்படி இருந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியில் யானை கொன்றவருக்கு அரசே பரிசுப்பணம் கொடுத்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் கொடுக்கப்பட்டதாக அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் எழுதிவைத்துள்ளார். பதுளையில் இருந்த மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஏறத்தாழ 1,400 யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். காடு வெறுமையாகத் தொடங்கிய பின்னரே கட்டுப்பாடுகள் வந்தன. சுட்டுத் தீர்த்தவர் ஒருவர், கட்டுப்பாட்டைச் சுமப்பவர் இன்னொருவர் என்ற மனக்குறை கிராமத்தவருக்கு இருப்பதில் வியப்பில்லை.

இன்று நடைமுறையில் உள்ளது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1993இலும் 2009இலும் அது பெரிதும் திருத்தப்பட்டது. யானை, சிறுத்தை, கரடி மட்டுமல்ல. புள்ளிமான், மரை, சருகுமான், அழுங்கு, உடும்பு, ஆமை, காட்டுக்கோழி ஆகியனவும் பாதுகாக்கப்பட்டவையே. இவற்றைக் கொல்வது மட்டும் குற்றமன்று. காயப்படுத்துவதும், பிடிப்பதும், இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே. “நான் கொல்லவில்லை, ஒரு பங்கு வாங்கினேன்” என்று சொல்லித் தப்பலாம் என எண்ணி நீதிமன்றம் ஏறியவர்கள் உண்டு.

காட்டுப்பன்றி இந்தப் பாதுகாப்புக்குள் அடங்காது. பலர் இதை மட்டும் கேள்விப்பட்டு, பன்றியை எப்படியும் கொல்லலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான். சட்டம் எந்த மிருகம் என்று கேட்பதோடு நிற்பதில்லை. எந்த வழியால் என்றும் கேட்கிறது.

கட்டுத்துவக்கை எடுத்துக்கொள்வோம். பன்றியின் உயரத்துக்குத் தடியில் கட்டி, பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்துவிடுகிறார்கள். கட்டியவர் வீட்டில் நித்திரை. விறகுக்குப் போகும் பெண்ணின் காலோ, மாடு தேடிப் போகும் பிள்ளையின் காலோ அந்த நூலைத் தட்டினாலும் அது வெடிக்கத்தான் செய்யும். பன்றிக்கு அளவாகக் கட்டியதால் மனிதருக்கு அநேகமாகக் காலிலேயே படும். காலை இழந்தோரும், இரத்தம் வடிந்து காட்டிலேயே இறந்தோரும் உண்டு. போரில் கால் இழந்தவர்கள் இவ்வளவு பேர் எம்மிடையே இருக்கையில், இதை நாமே நம் பாதையில் கட்டுவது எவ்வளவு கொடுமை! அனுமதியற்ற இடியன் துவக்கை வைத்திருப்பதே சுடுகலன் சட்டப்படி குற்றம். அதைப் பொறியாகக் கட்டுவது அதனிலும் பாரிய குற்றம்.

வெங்காய வெடியும் அப்படித்தான். தெற்கில் இதனை ஹக்கபட்டாஸ் என்பர். தீனுக்குள் வைத்த வெடியைப் பன்றிதான் கடிக்கும் என்று யார் சொன்னார்? யானைக்கன்று கடித்தால் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்காகக் கிடந்து சாகும். அனுமதியின்றி வெடிபொருள் செய்வது தனிக் குற்றம். போர்க்காலத்தில் எஞ்சிய குண்டுகளை உடைத்து மருந்து எடுப்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: பன்றிக்கு முன் உங்கள் வீடுதான் வெடிக்கும்.

கம்பிச் சுருக்கு மலிவானது, சத்தமும் இல்லை. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பகுதியில், மரக்கறித் தோட்டத்தருகே கட்டியிருந்த சுருக்கொன்றில் அரிதான கருஞ்சிறுத்தை அகப்பட்டது. மிருக வைத்தியர்கள் முயன்றும் சில நாட்களில் இறந்தது. கட்டியவர் நினைத்தது பன்றியாக இருந்திருக்கலாம். ஆனால் “பன்றிக்கென்றுதான் கட்டினேன்” என்ற சொல் வழக்கில் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். பிரதான மின்கம்பியிலிருந்து களவாக இழுத்து வேலிக்கு மின் கொடுப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. யானை வேலிக்குரிய கருவி மின்சாரத்தை விட்டுவிட்டு, மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்பும். அது அடிக்கும், கொல்லாது. நேரே இழுத்த கம்பி தொட்டவரை விடாது. மறுநாள் காலையில் வயலைப் பார்க்கப் போன சொந்தக்காரரையே அது கொன்ற சம்பவங்கள் உண்டு.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 யூன் மாதத்தில் வடக்கில் மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகிய நான்கும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக்கு இடமே இல்லை; அனுமதியின்றி நுழைவதும் குற்றம். இடம்பெயருமுன் நீங்கள் தேன் எடுத்த, விறகு வெட்டிய காடு இன்று எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். உங்கள் உறுதிக்காணி அந்த எல்லைக்குள் அகப்பட்டிருந்தால் அது வேறு வழக்கு; அதை எழுத்தில் கேட்கவேண்டும், துவக்கோடு போய் அல்ல.

2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை மக்கள் அடித்துக் கொன்றார்கள். பயம் உண்மையானது, காயமும் உண்மையானது. ஆனாலும் கைத்தொலைபேசிப் படங்களைப் பார்த்தே ஆட்கள் கைதானார்கள்.

அப்படியானால் பயிரை எப்படிக் காப்பது? தனித்தனியே காவல் இருந்து களைப்பதிலும், ஒரு வயல்வெளிக் கமக்காரர் எல்லோரும் சேர்ந்து போகத்துக்கு மட்டும் வெளியைச் சுற்றி முறையான மின்வேலி போட்டு, அறுவடை முடியக் கழற்றிவைப்பது பல இடங்களில் பயன் தந்திருக்கிறது. வேலியின் கீழ்க் கம்பியில் புல் படாமல் வெட்டுவதற்கு முறை வைத்துக்கொள்ளுங்கள். வேலிகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப் பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்க மாவட்டச் செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். யானையால் பயிர் அழிந்தால் உடனே கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் அறிவியுங்கள். பயிர்க் காப்புறுதியில் யானைச் சேதத்துக்கும் இடமுண்டு. யானை வீட்டை உடைத்தாலோ ஆளைக் கொன்றாலோ வனசீவராசிகள் திணைக்களத்தில் நட்டஈடு கோரலாம். சுருக்கில் மிருகம் அகப்பட்டிருக்கக் கண்டால் கிட்டப் போகாமல் அத்திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எந்த முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுத்து, திகதியிட்ட பிரதியொன்றைக் கையொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்டஈடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பிரதிதான்.